பத்து இறாத்தலில் நிற்கும் முள்

குட்மேய்ஸில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருமே சத்தம் கேட்டால் விழுகிற ஆட்கள். தெருவில் போகிற பழைய வான் ஒன்று ‘டப்’ என்று புகை கக்கினால் போதும், கையில் இருக்கிற தேத்தண்ணீர்க் கோப்பையோடு குப்புறக் கிடப்போம். முதலில் எழும்புகிறவர் மற்ற இருவருக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அது எங்கள் வீட்டுச் சட்டம். பிறகு ஆளை ஆள் பார்த்துச் சிரிப்போம். யாழ்ப்பாணத்தில் செல்லடிக்கும் குண்டு போடுகிற பொம்மருக்கும் பழகின உடம்பு, லண்டன் வந்து சேர்ந்த சங்கதி அதற்கு இன்னும் எட்டவில்லை என்று எங்களில் மூத்தவர் சொல்லுவார். அவர் பகலில் கணக்கியல் படித்தார், ஆகவே அவருக்குப் பெயரே கணக்கர். மற்றவன் எங்கள் இருவருக்கும் இளையவன், பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். நான் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்தேன். எண்பதுகளின் கடைசிக் காலம் அது.

நான் சொல்லப்போவது தம்பி விழாமல் நிற்கப் பாடுபட்ட கதை. பீர்ப் பீப்பாய் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அதனால் பீப்பாயில் தொடங்குகிறேன்.

வீட்டில் பீர் காய்ச்சும் யோசனை கணக்கருடையது. சனி ஞாயிறுகளில் அவர் ஒரு பப்பில் கிளாஸ் கழுவினார். எங்களையும் சில நாள் அங்கே கூட்டிப் போனார். நாங்கள் கதைக்கிற சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்லக் கதைத்தாலோ எங்களுக்கு அது கதையாகவே படாது. பிறகென்ன, மூன்று பேரும் மூன்று கிளாஸைப் பார்த்துக்கொண்டு ஊமைகள் மாதிரி இருந்துவிட்டு வருவோம். “உது சரிவராது மச்சான், பப்பை வீட்டை கொண்டு வருவம்” என்றார் கணக்கர். இல்ஃபோர்ட்டில் அதற்கென்றே ஒரு கடை இருந்தது. தகரத்தில் அடைத்த மால்ட், ஈஸ்ட், பெரிய வெள்ளை வாளி, பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் எல்லாவற்றையும் ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பீப்பாய்க்குள் பீருக்கு மேலே காஸ் நிற்கவேண்டும். அப்போதுதான் நுரை வரும், பீரும் புளித்துப்போகாது. சின்னக் குப்பிகளில் விற்கிற காஸ் எங்கள் குடிக்குக் காணாது என்று கணக்கர் பெரிய சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சமையல் காஸ் இல்லை, சோடாவுக்குள் இருக்கிற அதே கரியமிலவாயு. சிலிண்டரின் கழுத்தில் ஒரு ரெகுலேட்டர், அதில் முள்ளோடு இரண்டு வட்ட முகம். ஒன்று சிலிண்டருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், மற்றது பீப்பாய்க்கு எவ்வளவு போகிறது என்று காட்டும். நடுவில் ஒரு திருகு.

கடைக்காரர் வெள்ளைக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் சொல்லவேண்டியதைச் சொன்னார். சிலிண்டரைத் திறக்கமுன் திருகை இடப்பக்கம் சுற்றி, அது கழன்று ஆடுகிற அளவுக்குத் தளர்த்திவிடு. பிறகு சிலிண்டரை மெல்லத் திற, முகத்தை அதற்கு நேரே வைக்காதே. அதன்பிறகுதான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சுற்று. முள்ளைப் பத்து இறாத்தல் அழுத்தத்துக்கு மேலே போகவிடாதே, பிளாஸ்டிக் தாங்காது. மூடியில் ஒரு றப்பர் வால்வு இருக்கிறது, காஸ் கூடினால் அது வெளியே விட்டுவிடும், அதை ஒருநாளும் அடைக்காதே. காஸ் ஏற்றும்போது கதவைத் திறந்து வை. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டில் வந்து மற்ற இருவருக்கும் சொன்னேன். கணக்கர் முழுதும் கேட்டார். தம்பி வேலைக்குப் போகிற அவசரத்தில் சப்பாத்து மாட்டிக்கொண்டு பாதி கேட்டான்.

அந்தப் பாதியில் திருகின் சங்கதி இல்லை. தண்ணீர்க் குழாயை வலப்பக்கம் சுற்றினால் பூட்டும். அடுப்புக் காஸ் சிலிண்டரும் அப்படித்தான். இந்தச் சனியன் பிடித்த திருகு மட்டும் வலப்பக்கம் சுற்றினால் கூடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் கணக்கரும் குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பீப்பாயும் சிலிண்டரும் அந்தக் குசினி மூலையில்தான். தம்பி பகலில் நித்திரை கொள்கிறவன். றப்பர் வால்விலிருந்து வருகிற ‘கீஸ்’ சத்தம் அவனுக்கு இரண்டு நாளாய் நித்திரையைக் கெடுத்திருக்கிறது. அன்று காலை படுக்கப் போகமுன், எங்களுக்குச் சொல்லாமல், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவை எடுத்து அந்த வால்வைச் சுற்றி இறுக்கிவிட்டான். சத்தம் நின்றது. அன்று எழும்பி வந்தவன் முள் ஏறியிருப்பதைப் பார்த்து, “அண்ணை, இது கூடிப்போச்சு, நான் பூட்டிவிடுறன்” என்று திருகை வலப்பக்கம் இறுக்கினான். நான் திரும்பி “டேய்” என்று சொல்லமுன் வெடித்துவிட்டது.

மூடி சீலிங்கில் போய் அடித்தது. பீர் மழை. நாங்கள் மூன்று பேரும் நிலத்தில். பிறகு கணக்கர் தலையைத் தூக்கி, மீசையிலிருந்து வழிந்ததை நக்கிப் பார்த்து, “நல்லாத்தான் வந்திருக்கு” என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிலிண்டர் அப்போதும் இரைந்துகொண்டிருந்தது. கணக்கர் எழும்பி அதைப் பூட்டினார், எனக்குக் கை கொடுத்தார், தம்பிக்கும் கையை நீட்டினார். தம்பி எழும்பவில்லை.

அவன் சிலிண்டருக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முகம் நிலத்தில் பட்டபடி கிடந்தான். கூப்பிட்டோம், கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு கையில் பிடித்து வளவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். வெளிக்காற்றுப் பட்டதும் தலை சுற்றுகிறது என்றான், ஓங்காளித்தான். அவனுடைய காற்சட்டை நனைந்திருந்தது. “பீரிலை தோய்ஞ்சு போனாய்” என்று சொல்லிச் சமாளித்தோம். அது பீர் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மூடிக்கு றப்பர் வளையம் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நிலத்தில் படுத்தோம் என்றதும் மனிதருக்குக் கண் பிதுங்கிவிட்டது. இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம் கூடினது, கீழேதான் தங்கும், மணம் இல்லை, நிறம் இல்லை, நிலத்தில் படுத்தால் அதைத்தான் மூச்சாக இழுப்பாய் என்று கத்தினார். நிமிர்ந்து நில், கதவைத் திற, வெளியே போ! யார் உங்களுக்குப் படுக்கச் சொல்லித் தந்தது என்று கேட்டார். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த ஒரே பாடம் படு என்பதுதான். இந்த மனிதர் நில் என்கிறார்.

அந்த மாதமே தம்பி வீட்டை விட்டுப் போனான். நோர்பரியில் அவனுடைய மச்சான் முறையான ஒருவர் இருந்தார், அங்கே போகிறேன் என்றான். வேலைக்குக் கிட்ட என்றான். பாண் தொழிற்சாலை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது, நோர்பரியோ லண்டனின் அந்தத் தொங்கல். அவனுடைய பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிக் கொடுத்தோம். ரயில் வரும்வரைக்கும் கணக்கர் பகிடி விட்டுக்கொண்டே இருந்தார், தம்பி சிரிக்கவில்லை.

அவனுக்கு அங்கே கலியாணம் ஆனது. பிறகு கணக்கர் கனடாவுக்குப் போனார். வீட்டுக்காரர் மற்ற இரண்டு அறைகளிலும் தன்னுடைய பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டு என்னை இருக்கவிட்டார். எனக்கும் கலியாணம் பேசாமல் இல்லை. முதலில் சாதகம் பொருந்தவில்லை. பொருந்தினபோது பெட்ரோல் ஸ்டேஷன் பொருந்தவில்லை. பிறகு என் வயது பொருந்தவில்லை. போகட்டும்.

தனிய இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெருமைக்கு வேறு மாதிரிச் சொல்லலாம், ஆனால் அதுதான் உண்மை. ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருக்கும். சில நாள் அந்தக் கோப்பையைப் பார்க்கவே எரிச்சல் வரும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க ‘எந்த பம்ப்?’ என்று கேட்டதைத் தவிர வாய் திறந்திருக்க மாட்டேன். வீட்டில் வந்து ரேடியோவோடு சண்டை பிடிப்பேன்.

பீர் காய்ச்சுவதை மட்டும் விடவில்லை. குளிர்பானக் கொம்பனிகள் கழித்துவிட்ட இரும்புப் பீப்பாய்கள் அந்த நாட்களில் இல்ஃபோர்ட் கடைக்கு வரும், அதில் ஒன்றை வாங்கினேன். ஒடுங்கி உயர்ந்த பீப்பாய், நீளவட்ட மூடி, மூடியில் ஒரு வளையம். வளையத்தை இழுத்தால் உள்ளே நிற்கிற காஸ் ‘உஸ்’ என்று வெளியே போகும். பிளாஸ்டிக் மாதிரி அது ஏமாற்றாது. ஆனாலும் நான் பத்து இறாத்தலைத் தாண்டினதே இல்லை. வெளிக்கிடும்போதும் வரும்போதும் முள்ளைப் பார்ப்பேன். பத்தில் நிற்கும். வீட்டில் எனக்குப் பதில் சொல்கிற சாமான் அது ஒன்றுதான். ஆனால் அத்தனை பீரைத் தனியொருத்தன் எத்தனை நாளைக்குக் குடிப்பது? பாதிக்கு மேல் சிங்க்கில்தான் ஊற்றினேன்.

விழுகிற வியாதி எனக்குச் சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நவம்பர் ஐந்தாம் திகதி பின்னேரம், பாராளுமன்றத்துக்கு வெடி வைக்க முயன்ற ஒருவனைப் பிடித்த பழைய கதையின் நினைவாக, இந்த ஊரார் வெடி கொளுத்துவார்கள், லண்டன் முழுக்க அதிரும். அன்றைக்கு நான் கேட்டு ஷிப்ட் எடுப்பேன். பெட்ரோல் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தனும் வெடி கொளுத்த மாட்டான், கண்ணாடியும் தடிப்பு. வீட்டில் தனிய இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட வருஷம் ஒன்றுகூட இல்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் இடைக்கிடை போன் எடுப்பான். “ஒருக்கா வாடா” என்றால் “வாறன் வாறன்” என்பான். ஒருநாளும் வந்ததில்லை. தொண்ணூறுகள் பிறந்து ஓரிரண்டு வருஷம் போனபிறகு, ஒரு புரட்டாதி மாதம், கிழமை நாளில் போன் வந்தது.

“அண்ணை, ஒரு சோலி.”

“சொல்லு.”

“நேற்றுப் பக்கத்து வீட்டிலை ஏதோ பலகை விழுந்தது. நான் படுத்திட்டன். அது வழமைதானே. எழும்பிப் பாக்கிறன், மோளும் எனக்குப் பக்கத்திலை குப்புறக் கிடக்கிறாள். ரெண்டு கையாலையும் தலையைப் பொத்திக்கொண்டு.”

அவனுடைய மகளுக்கு அப்போது நடக்கப் பழகி ஒரு வருஷம் இருக்கும். “பயந்திட்டாளோ?” என்று கேட்டேன்.

“இல்லையண்ணை. சிரிக்கிறாள். விளையாட்டெண்டு நினைக்கிறாள். இப்ப கதவு அடிச்சாலும் படுக்கிறாள், பாத்திரம் விழுந்தாலும் படுக்கிறாள். என்னைத் திரும்பிப் பாக்கிறாள், நான் படுத்தனானோ எண்டு.” குரலைத் தாழ்த்தினான். “இஞ்சை பிறந்த பிள்ளை அண்ணை. அதுக்கு ஏன் இந்தக் கோதாரி?”

அவனே தொடர்ந்தான். “நவம்பரிலை வெள்ளைக்காரன்ரை வெடி வருது. அண்டைக்கு நான் நிக்கோணும். அவளைத் தூக்கி வச்சுக்கொண்டு ஜன்னலடியிலை நிக்கோணும். நான் நிண்டா அவளும் நிப்பாள். நீங்கள் உந்தப் பீப்பாவை இன்னும் வச்சிருக்கிறியளோ?”

“ஓம். இப்ப இரும்பு.”

“அதுக்குக் காஸ் வைக்கிறதை நான் ஒருக்காச் செய்து பாக்கோணும். அண்டைக்கு வெடிக்க வச்சது நான்தானே. வெடிக்காமலும் நான்தானே வைக்கோணும்.”

அதனால் என்ன பிரயோசனம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவன் வருகிறான், ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை! பாவம், அவன் அழாக்குறையாகக் கதைக்கிறான், எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். போனை வைத்த கையோடு வாளியைக் கழுவினேன். புளிக்க இரண்டு கிழமை, தெளிய இரண்டு கிழமை, அவன் வருகிற சனிக்கிழமைக்குப் பதமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து மால்ட்டைக் கரைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை விடியவே எழும்பி ஆட்டிறைச்சி வாங்கி, யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டினேன். மேசையில் இரண்டு கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். பீப்பாய் பத்தில் நின்றது. மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி, கொஞ்சம் தொப்பை வைத்திருக்கிறான், நெற்றியில் வீபூதி. உள்ளே காலடி எடுத்து வைத்தவன் மூக்கைச் சுருக்கினான்.

“அண்ணை, இறைச்சியோ?”

“ஓமடா, உனக்காகத்தான்.”

“இண்டைக்குக் கந்தசட்டி விரதமெல்லோ, அண்ணை. நான் பிடிக்கிறன். மோளுக்காக.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆறு நாள் விரதம், லண்டனில் உள்ள சைவச் சனமெல்லாம் இறைச்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற கிழமை, நான் ஒரு விசரன் ஆட்டுக்கறியும் பீருமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். பீர் எத்தனை நாளில் தெளியும் என்று தெரியும், பிறை எப்போது என்று தெரியாது. குடும்பமாக இருக்கிற வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லுவார்கள். எனக்கு யார் சொல்ல? “பறவாயில்லை அண்ணை, எனக்கு வெறுந்தேத்தண்ணி காணும்” என்று அவன்தான் என்னைத் தேற்றினான். நான் கறிச்சட்டியை மூடி வளவில் கொண்டுபோய் வைத்தேன்.

தேத்தண்ணீர் குடித்தபின் குசினிக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டோம். குளிர் எலும்புக்குள் ஏறியது, இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றோம். அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும் என்றான். ஆகவே சிலிண்டரைப் பூட்டி, குழாயைக் கழற்றி, “இப்ப பீப்பாக்குள்ளை கிடக்கிறதை வெளியிலை விடு” என்று மூடியின் வளையத்தைக் காட்டினேன்.

இழுத்தான். ‘உஸ்’ என்றது. அவன் ஒரே பாய்ச்சலில் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து மறுபடி வளையத்தைப் பிடித்தான்.

பிறகு திருகு. “எந்தப் பக்கம்?” என்று நான் கேட்டேன். “இடப்பக்கம்” என்றான். “சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.” அது கழன்று ஆடும்வரைக்கும் தளர்த்தினான். சிலிண்டரை நான் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றால் மேசைக்காலோடு கட்டித்தான் வைத்திருப்பேன். அது சரிந்து கழுத்து முறிந்தால் பீப்பாய் வெடிப்பதெல்லாம் ஒரு வெடியா? கயிற்றை இழுத்துப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்தான். ஒரு முள் துள்ளி ஏறியது, மற்றது அசையவில்லை. குழாயைப் பீப்பாயில் மாட்டினான். திருகை மயிரளவு மயிரளவாக வலப்பக்கம் சுற்றினான். இரண்டு, ஐந்து. அங்கே நிறுத்தச் சொல்லி, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் மூட்டுகளில் பூசக் கொடுத்தேன். குமிழி வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். வரவில்லை. பிறகு பத்து.

“நிண்டிட்டுது” என்றான்.

“நிக்கும். கூடினா என்ன செய்வாய்?”

“திருகை இளக்குவன்.”

“அது மட்டும் காணாது. உள்ளுக்குப் போனது உள்ளுக்குத்தான் நிக்கும். வளையத்தை இழுத்து வெளியிலை விட்டாத்தான் முள் இறங்கும்.”

அவன் அதைத்தான் பின்னேரம் முழுக்கச் செய்தான். பத்துக்கு ஏற்றுவான், வளையத்தை இழுத்து விடுவான், மறுபடி ஏற்றுவான். காஸ் வீணாகிறது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குப் பாய்கிறது நின்றது. ஆனால் ஒவ்வொரு ‘உஸ்’ஸுக்கும் தோள் தூக்கிப் போட்டது, கண் இறுக மூடியது. கடைசிமட்டும் அது போகவில்லை. “நிமிர்ந்து நில், கதவைத் திற, வெளியிலை போ” என்று கடைக்காரர் கத்தினதை நான் நடித்துக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தான். பழைய காலம் திரும்பி வந்து குசினியில் நிற்பது போல இருந்தது.

“இண்டைக்கு இருந்திட்டுப் போடா” என்றேன்.

“இல்லையண்ணை. பொழுதுபடக் கோயிலுக்குப் போகோணும். மனிசி பாத்துக்கொண்டிருப்பா.” கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கேட்டான், “வெடியண்டைக்கு வீட்டிலை நிப்பியளோ? நான் நிண்டனோ விழுந்தனோ, உங்களுக்குத்தான் முதல் போன்.”

“நிப்பன்” என்றேன். ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். ரயில் போனபிறகும் கொஞ்ச நேரம் மேடையில் நின்றுவிட்டு வந்து, கறியை உள்ளே எடுத்து, ஒரு கிளாஸை மட்டும் நிமிர்த்தினேன். பீர் அருமையாக வந்திருந்தது. நுரை மறையும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

வெடிநாளில் அந்த வருஷம் நான் ஷிப்ட் எடுக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டுமே. இருட்டத் தொடங்க முதலே தூரத்தில் ஒன்றிரண்டு பொரிந்தது. நான் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. தம்பியை நினைத்துத்தான் பயம். ‘நில்லடா, நில்லடா’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வளவில் ஒன்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, குசினி ஒருக்கால் வெள்ளையாகி இருண்டது.

நான் எப்போது விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கன்னம் நிலத்தில், கை இரண்டும் தலையில், சட்டி கவிழ்ந்து களைந்த அரிசி முழுக்க எனக்குக் கீழே. பீப்பாய்தான் வெடித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். காஸ் கீழேதான் தங்கும், எழும்பு, எழும்பு என்று புத்தி சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. படுத்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். இரும்புப் பீப்பாய் நின்ற இடத்தில் நின்றது. முள் பத்தில் நின்றது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தேன். யாராவது சிரிப்பார்கள் என்றுதான் பார்த்திருக்கிறேன், அது பிறகுதான் விளங்கியது.

போன் அடித்தது. அது வாசல் நடையில், சின்ன ஸ்டூலில் இருந்தது. எழும்ப முடியாமல் முழங்காலில் தவழ்ந்துபோய் எடுத்தேன்.

“அண்ணை, நிண்டன்!” தம்பி கத்தினான். பின்னால் வெடிச்சத்தம், ஒரு சின்னக் குரல் எதற்கோ கீச்சிட்டுச் சிரித்தது. “கால் நடுங்கினதுதான், ஆனா நிண்டன். மோள் என்ரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு மத்தாப்பைப் பாக்கிறாள். கை தட்டுறாள் அண்ணை!”

“கெட்டிக்காரன்” என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளுடையது போலக் கேட்டது. “கெட்டிக்காரனடா நீ.”

“அங்கை எப்பிடி? உங்கடை பக்கமும் வெடிதானே? நீங்கள் ஓகேயோ?”

இடுப்பில் கட்டியிருந்த சறத்தில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினேன். “எனக்கென்ன? பீப்பாவைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறன். முள்ளும் பத்திலை நிக்குது.”

“அதுதானே! சரியண்ணை, அவள் ஜன்னலடிக்கு வரச்சொல்லி இழுக்கிறாள், வைக்கிறன்.”

வைத்துவிட்டான். வெளியே இன்னொன்று வெடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நடையில், சுவரோடு முதுகைச் சாய்த்து, நிலத்திலேயே இருந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட அந்த வீட்டில் ஆள் இல்லை.